உம்மாவின் முடியாத இத்தா

என் வயதுக்காரர்களே, அறுபது தாண்டினால் மனம் கனிந்துவிடும் என்று உங்களிடம் யார் சொன்னது? எனக்குச் சீனி வியாதி வந்தது, முழங்கால் தேய்ந்தது, ஒரு கண்ணில் பூ விழுந்தது. கனிவு மட்டும் வந்து சேரவில்லை. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லும் தோழிகள் எனக்கு உண்டு. அவர்கள் களைத்துப்போனார்கள், அவ்வளவுதான். நான் இன்னும் களைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்பைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் வேறு எங்காவது போய்ப் படிக்கலாம்.

எனக்குப் பதினொரு வயது. சோளகக் காற்று பிடித்திருந்தது. எங்கள் ஊர் சிலாவத்துறைக்கும் கொண்டச்சிக்கும் நடுவில், கடலோரத்தில். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சோளகம் வந்தால் மூன்று மாதத்துக்குச் சோற்றில் மணல், தலைமயிரில் மணல், வாய்க்குள் மணல். தோணிகளைக் கரையில் ஏற்றிவிட்டு ஆண்கள் வீட்டோடு இருப்பார்கள். வேலை இல்லாத ஆண்கள் ஊரில் நிறைந்திருந்தால் ஏதாவது ஒரு வழக்குக் கிளம்பாமல் இருக்காது. அந்த வருஷம் கிளம்பியது என் வாப்பாவின் மேல்.

வாப்பா தபால் மாஸ்டர். மாற்றத்தில் எங்கள் ஊருக்கு வந்தவர், உம்மாவைக் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் வீட்டு முன்னறைதான் தபால் கந்தோர். ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு ஒழுங்காக மூடாத ஓர் அலுமாரி. அரக்கு உருக்கும் மணமும் தபால் சாக்கின் மணமும் கலந்து எப்போதும் அந்த அறையில் இருக்கும். இன்றைக்கும் எங்காவது அரக்கு மணம் வந்தால் எனக்கு வாப்பாவின் கைதான் ஞாபகம் வரும். முத்திரை குத்தியே விரல் நுனி கறுத்த கை அது.

எல்லாரையும்போல வாப்பாவுக்கும் குர்ஆன் ஓதத் தெரியும், பொருள் தெரியாது. யாரோ கடல் கடந்து அனுப்பிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று அவர் கைக்கு வந்தது. பழுப்புக் கடதாசி உறை போட்டு இரண்டு வருஷம் அதைப் படித்தார். சாப்பிடும்போதும் பக்கத்தில் திறந்து வைத்திருப்பார். "கறி ஆறுது" என்று உம்மா சத்தம் போடுவார். "இதைக் கேளும் முதல்" என்று வாப்பா ஒரு பந்தியை வாசித்துக் காட்டுவார். உம்மா கையில் அகப்பையோடு நின்று கேட்பார். அவர்கள் இருவரையும் அந்தக் கோலத்தில்தான் நான் மனதில் வைத்திருக்கிறேன்.

இனி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு மாதம் பள்ளிவாசலில் ஹதீஸ் கிதாபு ஓதுவார்கள். நபி சொன்னதாக, செய்ததாக ஆள்மாறி ஆள் சொல்லி, பின்னாளில் ஏட்டில் ஏறிய செய்திகள்தான் ஹதீஸ். ஓதுவது அறபில். ஊரில் ஒருவருக்கும் விளங்காது. முடிவில் கிடைக்கும் நார்சா எல்லாருக்கும் விளங்கும். நெய்ச்சோறோ கஞ்சியோ, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டு முறை. எங்கள் முறையைச் சொல்ல மரைக்கார் நேரிலே வந்தார். பள்ளியின் பொறுப்பு முழுக்க அவர் கையில். வெள்ளைச் சாரமும் அத்தர் மணமுமாக முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், வாற வியாழன் உங்கட நாள். நெய்ச்சோறோ, கஞ்சியோ?"

"ரெண்டும் இல்லை மரைக்கார். நான் இதில சேரேல்லை."

"ஏன், என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. அல்லாஹ்ட வேதம் எனக்குப் போதும். இத்தினை கை மாறி வந்த செய்தியை நான் நம்பி எடுக்கேலாது. இந்தக் கந்தோரில ரெண்டு கை மாறினாலே கடிதம் உடைஞ்சு வருது, எனக்குத் தெரியாதோ?"

மரைக்கார் சிரித்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார், "அப்ப தொழுகையில எத்தினை றக்அத்து, எத்தினை தரம் குனிஞ்சு எழும்பவேணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? குர்ஆனில இருக்கோ?"

"அதைத்தான் நானும் தேடுறன். எனக்கு இன்னும் விடை வரேல்லை" என்றார் வாப்பா.

விடை வராததை வரவில்லை என்று சொல்லும் மனிதனுக்கு எங்கள் ஊரில் இடம் இல்லை என்பது அன்றைக்கு வாப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் பள்ளியின் முடிவு வந்தது. ஹதீஸை மறுத்தவன் மார்க்கத்தை விட்டுப் போனவன். போனவனுடைய நிக்காஹ் நிற்காது. அதனால் உம்மா அவருக்கு ஹறாம், ஆகாதவர். உம்மா பிரிந்து போய் இத்தா இருக்க வேண்டும், அதாவது அடுத்த நிக்காஹ் செய்யலாம் என்ற நிலை வரும்வரை ஆண்கள் கண்ணில் படாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் வாப்பா ஜமாஅத் முன்னால் எழுந்து நின்று, பிழை பொறுக்கக் கேட்கும் தவ்பாவைச் சொல்லிக் கலிமாவை மொழிந்தால் பழைய நிக்காஹ் அப்படியே நிற்கும். பிந்தினால் போனது போனதுதான்.

மாமா மாட்டு வண்டியோடு கொண்டச்சியிலிருந்து வந்தார். உம்மாவின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன் அவர். வாசலுக்குள் வராமல் வெளியே நின்று, "இறங்கி வா" என்றார். உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா மேசையில் கிடந்த கடிதங்களை அடுக்கிக்கொண்டே, "போயிட்டு வாரும். ஒரு சொல்லுத்தானே, பார்ப்பம்" என்றார். வண்டியில் உம்மா ஒரு துணி மூட்டையோடும் என்னோடும் ஏறினார். அடுப்பில் பாதி வெந்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது. அதை யார் இறக்கி வைத்தார்களோ தெரியாது.

மாமா வீட்டில் உம்மாவுக்கு ஓர் அறை. ஜன்னலுக்குச் சாக்குப் படுதா. நான் உம்மாவோடு படுத்தேன். காலையில் மாமாவின் வண்டி சிலாவத்துறைக்குப் போகும் வழியில் என்னை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும், பின்னேரம் ஏற்றிக்கொள்ளும். நடுவில் நான் தபால் கந்தோர் ஜன்னலுக்கு ஓடுவேன். அங்கே ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. வாப்பாவோடு யாரும் பேசக்கூடாது, ஸலாம் சொல்லக்கூடாது. ஆனால் கொழும்பில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போட வேண்டுமே? ஆட்கள் வந்து இரண்டு விரலைக் காட்டுவார்கள். வாப்பா இரண்டு முத்திரை கிழித்துக் கொடுப்பார். மூன்று விரல் என்றால் மூன்று. மரைக்காரே ஒருநாள் வந்து ஒரு விரல் காட்டினார். வாப்பா வேண்டுமென்றே, "எத்தினை?" என்று கேட்டார். மரைக்கார் திரும்பவும் ஒரு விரலைத் தூக்கினார். "விளங்கேல்ல" என்றார் வாப்பா. மரைக்கார் முத்திரை வாங்காமல் போனார். நான் ஜன்னலுக்கு வெளியே விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஒரு முத்திரைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பிறகுதான் தெரிந்தது.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அறபு எழுத்தில் தமிழை எழுதுவார். தேயிலைப் பக்கெட்டைப் பிரித்து உள்பக்கத்தில் ஒரு வரி எழுதி என் புத்தகத்துக்குள் வைத்துவிடுவார். வாப்பா வாசித்துவிட்டு மடித்துப் பையில் போடுவார்.

இத்தாவுக்கு ஒரு கணக்கு உண்டு, அது பெண்ணின் உடம்போடு போகிற கணக்கு. வீட்டுவிலக்கு மூன்றாவது தடவை வரும்போதுதான் முடியும். உம்மாவுக்கு மாதம் தவறித் தவறித்தான் வரும். ஒவ்வொரு தடவையும் தலைமுழுகிய பிறகு ஜன்னல் கட்டையில் ஒரு முத்துச் சிப்பியை வைப்பார். விடியற்காலையில் கிணற்றடியில் துணி அலசும்போது நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அதனால் எனக்கும் கணக்குத் தெரியும். ஒன்று வைத்தார். நெடுநாள் கழித்து இரண்டாவது வைத்தார். அன்றைக்கு நான் கொண்டுபோன தேயிலைக் கடதாசியை வாசித்துவிட்டு வாப்பா முகம் தெளிந்தார்.

"நாள் இருக்கு எண்டு உம்மாட்டச் சொல்லு."

வாப்பா கொழும்பிலும் காலியிலும் இருந்த, மார்க்கம் படித்த பெரிய ஆலிம்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஓர் ஆளாவது, நிக்காஹ் முறியாது என்று பதில் எழுதுவார் என்ற நம்பிக்கை. பதில் வந்தால் கெஞ்சாமல் உம்மாவைக் கூட்டி வரலாம். ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா மேல் எனக்குள்ள கோபமும் இங்கேதான். முதல் கிழமையே எழுந்து நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் உம்மா எங்களோடு இருந்திருப்பார். கடைசி நாள்வரை தலையை நிமிர்த்தி வைத்திருக்க ஆசைப்பட்டார். எனக்கு ஒரு தாய் தேவைப்பட்ட நேரத்தில் அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

ஆண்கள் கணக்கு வேறு. அவர்கள் சுவர்க் கலண்டரைப் பார்த்தார்கள். ஒருநாள் மாமா படுதாவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"மூண்டு மாதம் முடிஞ்சுதுதானே?"

"ஓம், போன கிழமையோட முடிஞ்சுது" என்றார் மாமி.

உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் இரண்டு சிப்பிதான் இருந்தது. கிதாபு கிதாபு என்று குடும்பத்தைப் பிரித்தவர்கள், அந்தக் கிதாபில் உள்ள கணக்கையே எண்ணத் தெரியாமல் பிழைவிட்டார்கள். உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பதற்கு வெட்கம், சொல்வதற்கும் வெட்கம்.

அந்த வியாழக்கிழமை என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. நபி புகழ் பாடும் மௌலூது ஓதப் போகிறார்கள் என்று சொன்னார்கள். மாமி எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டார். முன்பக்கம் ஆண்கள் கூட்டம், பின்பக்கம் சமையல். புரியாணி வாசத்தில் ஊர்ப் பூனையெல்லாம் வந்து சேர்ந்திருந்தது. நான் மூன்று கிண்ணம் வட்டிலப்பம் தின்றேன். நன்றாக இருந்தது என்று மாமியிடம் சொன்னேன். அது என் உம்மாவுக்கும் மரைக்காருடைய தம்பிக்கும் நடந்த நிக்காஹ் என்று எனக்குத் தெரியாது. மனைவி மௌத்தாகி, தனித்துப்போன மனிதர் அவர். உம்மாவிடம் சம்மதம் கேட்டது மாமா. பதில் சொன்னதும் மாமா.

மறுநாள் ஜும்ஆ. மாமா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனார். பூவரசு நிழலில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனார். நான் வண்டியில் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாப்பா வந்திருந்தார். எந்தப் பதிலும் வரவில்லை, கணக்கில் நாள் குறைந்துவிட்டது, அதனால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கறுத்த விரல்.

தொழுகைக்கு முன் எழுந்து நின்றார். தவ்பாச் சொன்னார். மரைக்கார், "சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னார். "பின்னுக்கு இருக்கிறாக்களுக்குக் கேக்கேல்ல" என்றார் மரைக்கார். மூன்றாவது தரம் சொல்லும்போது வாப்பாவின் குரல் உடைந்தது. புதிதாக மார்க்கத்துக்கு வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலக் கலிமாவை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, நண்பர்களே, முழுக்க முடிந்த பிறகுதான், மரைக்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ். நல்லது மாஸ்டர். ஆனா உங்கட பழைய பெண்சாதிக்கு நேற்று நிக்காஹ் முடிஞ்சுது."

வாப்பா தலையை நிமிர்த்தினார். "எண்ணினீங்களோ?" என்று கேட்டார்.

"மூண்டு மாதம். எங்களுக்கு எண்ணத் தெரியாதோ?"

உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் முதல்நாள் புரியாணி தின்றவர்கள். முதலிலே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதன் மூன்று தரம் கத்தியிருக்க மாட்டான். மரைக்காரை நான் மன்னிக்காதது நிக்காஹுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், அந்த மூன்று தரத்துக்காகவும்தான்.

வாப்பா தொழாமல் வெளியே வந்தார். என்னைக் கண்டு, வண்டியிலிருந்து தூக்கி இறக்கினார். மாற்றம் எடுத்து மலைநாட்டுக்குப் போனோம். சாகும்வரை வேறு கலியாணம் முடிக்கவில்லை, பள்ளிவாசல் வாசலும் மிதிக்கவில்லை. தனியாக வீட்டில் தொழுதார். எத்தனை றக்அத்து என்று நான் எண்ணவில்லை.

யுத்தத்தில், வடக்கு முஸ்லிம்களான எங்கள் ஊரையே ஒரு நாளில் கிளப்பித் துரத்திய காலம் பிறகு வந்தது, உங்களுக்குத் தெரியும். புத்தளத்துப் பக்கம் ஓர் ஓலைக் கொட்டிலில் உம்மாவைத் தேடிப் பிடித்தேன். கூடவே வாட்டசாட்டமான ஒரு மகன். என் தம்பி. ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது உம்மாவே சொன்னார்.

"அண்டைக்கு மூண்டாவது வரேல்ல மகள். மூண்டு கிழமை கழிச்சுத்தான் வந்தது."

"ஏன் சொல்லாம இருந்தீங்கள்?"

"ஆரிட்டச் சொல்ல? காக்காட்டயோ, மரைக்காரிட்டயோ?" பிறகு, வாசலில் இருந்த தன் இரண்டாம் புருஷனைக் கண்ணால் காட்டி, "இந்த மனிசன் பாவம், நல்லவர். அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

அவர் நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

இப்போது நாங்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிட்டோம். உம்மா இல்லை, மரைக்கார் இல்லை, அவருடைய தம்பியும் இல்லை. பள்ளிக்குத் தலைவர் என் தம்பி. கந்தூரி, மௌலூது, நார்சா எல்லாம் கூடாது என்று நிறுத்தியவன். ஆள் புதிது, ஆனால் கதிரை அவனுடைய பெரியவாப்பாவான மரைக்காருடையது. மூன்று மாதத்துக்கு முன் ஓர் இளம் வாத்தியார், போனில் ஏதோ பயான் கேட்டுக் கேட்டு, குர்ஆன் மட்டும் போதும் என்று வட்சப்பில் எழுதிவிட்டான். அவனுடைய நிக்காஹ் முறிந்தது என்று வெள்ளிக்கிழமை மைக்கில் வாசிக்கத் தம்பி கடதாசி தயாரித்தான். அவன் மனைவியின் வாப்பா அவளைக் கூட்டிப்போக ஆட்டோ பேசிவிட்டார். அவள் என்னிடம் வந்து அழுதாள். "உங்கட உம்மா எப்பிடித் தாங்கினவ?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் தம்பி வீட்டுக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டான். "வாங்கோ ராத்தா. சாயா குடிக்கிறீங்களோ?"

"நாளைக்கு அந்தக் கடதாசியை வாசிக்கப் போறியோ?"

"மார்க்க விஷயம் ராத்தா. நீங்கள் இதில தலையிடாதீங்கோ."

"வாசி. ஆனா இத்தாவை ஒழுங்கா எண்ணச் சொல்லு. உன்ர பெரியவாப்பா எண்ணினமாதிரி எண்ணாதே."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி சொன்னேன். கலண்டர், மூன்று மாதம், இரண்டு தடவை, மூன்று கிழமை. ஒன்றையும் விடவில்லை. இத்தாவுக்குள் செய்த நிக்காஹ் செல்லாது என்பதை அவன் மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறவன், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் உதடு வெளுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே சாயாவைக் குடித்தேன்.

"உம்மாவைப் பற்றியோ சொல்லுறீங்கள்?"

"ஓம். நீ மைக்கில வாசிச்சா, நானும் பள்ளி முத்தத்தில நிண்டு சொல்லுவன். எனக்கு மைக் தேவையில்லை."

கடதாசி வாசிக்கப்படவில்லை. ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. அந்தப் பெண் தன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் மெச்சுவீர்கள். பாதிதான் அவளுக்காக.

பத்து நாள் கழித்துத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். தாடி கலைந்து, முகம் வற்றியிருந்தது. பள்ளியில் முன்னால் நின்று தொழுவிப்பதை விட்டுவிட்டானாம், முதுகு நோவு என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறான்.

"ராத்தா, அது பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் ஹறாத்தில பிறந்தவனோ?"

"உன்ர கிதாபைப் பார்" என்றேன்.

அவன் அழுதான். உம்மாவின் மூக்கு அவனுக்கு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் போகும்வரை நின்றேன்.

புத்தளத்தில் இருந்த காலத்தில் ஒரு வயதான ஆலிமிடம் இதையெல்லாம் பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறேன். கணக்குத் தெரியாமல் முடித்த நிக்காஹில் பிறந்த பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, தகப்பன் பெயர் உண்டு, சொத்தில் பங்கு உண்டு, முன்னால் நின்று தொழுவிக்கலாம் என்று அவர் சொன்னார். எல்லாக் கிதாபிலும் அப்படித்தானாம். தம்பி யாரிடமாவது கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தீரும். கேட்பதென்றால் உம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும், அதனால் அவன் கேட்கமாட்டான். இதையும் படிக்கமாட்டான், அந்தக் குடும்பத்தில் வாசிக்கும் பழக்கம் இல்லை. உங்களில் சிலருக்கு அவனைத் தெரியும். கடையில், பஸ்ஸில், பள்ளி முற்றத்தில் எங்காவது காண்பீர்கள். நீங்களும் சொல்லாதீர்கள்.